பழைய ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கடலடி நீச்சல் பழகியவர்கள் முகமூடியும் துடுப்பும் வாங்கிய கையோடு ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவியின் விலையை விசாரிக்கிறார்கள். விலையைக் கேட்டதும் செகண்ட்ஹேண்ட் பக்கம் திரும்புகிறார்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

இங்குள்ள பயிற்சி மையம் ஒன்று பழைய செட்டுகளை விற்கிறது. ஸ்கூபாபுரோ எம்.கே.2, ஆர்190, கூடவே ஆக்டோபஸ், பிரஷர் கேஜ். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு சொல்கிறார்கள். லாபமா?
வாசகர், புதுச்சேரி

அவர்கள் சொல்லும் விலை பாதிக் கணக்குதான். ஒரு செட்டுக்கு மூன்று சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய சிறு பாகங்களின் தொகுப்பு) வேண்டும்: சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு ஒன்று, வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு ஒன்று, நெருக்கடியில் துணைவருக்குத் தரும் கூடுதல் செகண்ட் ஸ்டேஜான ஆக்டோபஸுக்கு ஒன்று. அதோடு டெக்னீஷியன் கூலி. ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். உலோக முனையை ஒட்டி வெடிப்போ உப்பலோ தெரிந்தால் அவற்றின் விலையும் சேரும். எல்லாம் கூட்டியபின் தொகை புதிய அடிப்படை மாடலின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதியதையே வாங்குங்கள். அதில் வாரன்டியாவது இருக்கும்.

மாடலைப் பொறுத்தவரை உங்களுக்கு வந்திருப்பது நல்ல வாய்ப்பு. எம்.கே.2 என்ற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சமன்செய்யப்படாத பிஸ்டன் வகை, அதாவது சிலிண்டர் அழுத்தம் மாறினால் அது அனுப்பும் அழுத்தமும் மாறும். உள்ளே அசையும் பாகம் பிஸ்டன் ஒன்றுதான். அதிலுள்ள இரண்டு ஓ-ரிங்குகளும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைத் தாங்குவதில்லை. குறைத்து அனுப்பப்படும் 9, 10 பார் இடை அழுத்தத்தை மட்டுமே தாங்குகின்றன. அதனால் நீண்ட நாள் உழைக்கும். சமன்செய்யப்பட்ட பிஸ்டன் வகைகளில் பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் ஒரு பக்கம் முழுச் சிலிண்டர் அழுத்தத்தையும் மறுபக்கம் கடல்நீரையும் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் உரசும். கசிவு முதலில் அங்கேதான் தொடங்கும்.

எம்.கே.2-இல் ஒரு குறையும் உண்டு. சிலிண்டர் காலியாகக் காலியாக இடை அழுத்தமும் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை பார் இறங்கும். 50 பாருக்குக் கீழே மூச்சு சற்றுக் கனமாகும். 18 மீட்டருக்குள் நீந்துகிறவருக்கு அது பொருட்டல்ல. அடிக்கடி 30 மீட்டர் இறங்குபவர், இருவர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சுவாசிக்க நேரும் நிலையை நினைத்து, சமன்செய்யப்பட்ட வகைக்குப் போவது நல்லது.

எந்தக் கம்பெனியானாலும் பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி: இந்த மாடலுக்கு இன்று கிட் கிடைக்கிறதா? பல கம்பெனிகள் கிட்டைத் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே தருகின்றன. சில பழைய மாடல்களுக்கு உற்பத்தியே நின்றுவிட்டது. கிட் கிடைக்காத ரெகுலேட்டரை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

நேரில் பார்க்கப் போகிறேன். பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வழி உண்டா?
வாசகர், சென்னை

சிலிண்டரில் மாட்டும் வாயில் உருக்கி இறுக்கிய உலோகத்தூளாலான ஃபில்டர் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறமாகச் சுத்தமாக இருந்தால் நல்லது. பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. அந்த வாயின் மூடியைச் சரியாகப் போடாமல் கழுவியிருப்பார்கள். செம்பழுப்பு என்றால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரின் தூள். கருமை என்றால் கம்பிரசர் ஃபில்டரின் கரித்தூளோ எண்ணெயோ. பச்சையோ பழுப்போ இருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஃபில்டரைத் தாண்டி எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்பதைப் பிரிக்காமல் அறிய முடியாது.

அடுத்தது உறிஞ்சிப் பார்ப்பது. வால்வு மூடிய சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டி, செகண்ட் ஸ்டேஜின் முகப்பிலுள்ள பர்ஜ் பட்டனை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சிப் பிடியுங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் வெளிமூச்சு வால்வு மடங்கியிருக்கிறது, டயாஃப்ரம் (மூச்சு இழுத்தால் உள்வாங்கும் ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது, அல்லது பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் விழுந்திருக்கிறது. முதல் இரண்டும் சில்லறைச் செலவு. கூட்டில் விரிசல் என்றால் அந்த செகண்ட் ஸ்டேஜே போயிற்று.

மூன்றாவது சோதனைக்கு ஒரு கருவி வேண்டும்: இடை அழுத்த கேஜ். 20 பார் வரை காட்டும் சின்ன கேஜ், மிதப்பைச் சரிசெய்யக் காற்றூதும் பி.சி.டி. ஜாக்கெட்டுக்குப் போகும் ஹோஸின் முனையில் சொருகுவது. பழைய ரெகுலேட்டர் வாங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். அழுத்தத்தை வெளியேற்றும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேஜைச் சொருகி, செட்டிலுள்ள (சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும்) பிரஷர் கேஜின் கண்ணாடியை முகத்துக்கு எதிராகப் பிடிக்காமல், சிலிண்டரை மெதுவாகத் திறக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் முள் 9 முதல் 10 பாருக்குள், அதாவது 130 முதல் 145 பி.எஸ்.ஐ. அளவில் வந்து நிற்கும். சரியான எல்லை அந்தந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மூச்சு இழுத்தால் முள் சற்று இறங்கி, விட்டவுடன் பழைய இடத்துக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் முள்ளை மட்டும் பாருங்கள். 9.5-இல் நின்ற முள் 10, 10.5, 11 என்று ஊர்ந்துகொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீட் (காற்று வழியை மூடும் மென்மையான பாகம்) அடைக்கவில்லை. சீட் மட்டும் தேய்ந்திருந்தால் கிட் போட்டால் சரியாகும். அது அமரும் உலோக விளிம்பில் வடு விழுந்திருந்தால் சரியாகாது. முடிந்தால் நிறைந்த சிலிண்டரிலும் 50 பார் மீதமுள்ள சிலிண்டரிலும் இதைச் செய்யுங்கள். ஒன்றில் தெரியாத ஊர்தல் மற்றொன்றில் தெரிவதுண்டு.

கடைசியாக முழு செட்டையும் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பாருங்கள். ஷெர்வுட் கம்பெனியின் பழைய பிஸ்டன் மாடல்கள் சிலவற்றில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து சின்னக் குமிழி விடாமல் வரும். கடல்நீர் உள்ளே புகாதிருக்க வேண்டுமென்றே வைத்த கசிவு அது. மற்ற மாடல்களில் அப்படி வந்தால் பழுது.

“ஐந்தே முறை உபயோகித்தது, பன்னிரண்டு வருடமாக அலமாரியில் புதிதுபோல இருக்கிறது” என்று ஒருவர் விற்கிறார். புதியதாகவே எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், சிங்கப்பூர்

கூடாது. காற்றழுத்தம் இல்லாதபோது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வால்வை ஸ்பிரிங் திறந்தே வைத்திருக்கும். அதன் சீட்டுக்கு அலமாரியில் பெரிய கெடுதல் இல்லை. செகண்ட் ஸ்டேஜில் நேர்மாறு. அங்கே ஸ்பிரிங் சீட்டைக் காற்று வரும் குழலின் விளிம்பின்மேல் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு வருட அழுத்தத்தில் ரப்பரில் ஆழமான வட்டத் தடம் விழுந்திருக்கும். அதோடு ஓ-ரிங்குகள் இறுகி, கிரீஸ் காய்ந்திருக்கும். சீட், டயாஃப்ரம், வெளிமூச்சு வால்வு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். உலோகம் புதிதுபோல இருப்பது மட்டும் உண்மையான ஆதாயம். அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

மூச்சின் இறுக்கத்தை மாற்றும் திருகு உள்ள மாடல் உங்களிடம் இருந்தால், எடுத்து வைக்கும்போது திருகை முழுக்க வெளியே தளர்த்தி வையுங்கள். சீட்டின் மேலுள்ள பாரம் குறையும்.

இயந்திரங்களோடு பழகிய கை. எம்.கே.2 போன்ற ஒன்றை நானே பிரித்துச் சரிசெய்ய நினைக்கிறேன். கருவிகளும் வரிசையும் சொல்லுங்கள்.
வாசகர், கோயம்புத்தூர்

கைத்திறன் மட்டும் போதாது. அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம், பாகங்கள் பிரிந்து தெரியும் படம், இறுக்க அளவுகள், சரியான கிட் ஆகிய நான்கும் கையில் இல்லாமல் தொடாதீர்கள். முதல் முறை பயிற்சி பெற்ற டெக்னீஷியன் பக்கத்தில் இருப்பது நல்லது. இல்லையென்றால் முடித்தபின் அவரிடம் கொடுத்துச் சோதித்து வாங்குங்கள்.

கருவிகள்: 5/32 அங்குலம், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீகள், ஹோஸுக்கேற்ற ஓபன் ஸ்பேனர்கள், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடல் மூடியைத் திருக ஊசிமுனை (பின்) ஸ்பேனர், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் துளையில் திருகிப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, டார்க் ரெஞ்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இடை அழுத்த கேஜ். ஓ-ரிங் எடுக்கும் ஊசி பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். இரும்பு ஊசியால் நெம்பினால் ஓ-ரிங் அமரும் பள்ளத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகக் கசியும் காற்றை எந்தப் புதிய ஓ-ரிங்கும் நிறுத்தாது. வீட்டில் சர்வீஸ் செய்து கெட்டுப்போகும் ரெகுலேட்டர்களில் இந்தக் கீறல்தான் முதல் குற்றவாளி. பிளையர் வேலைமேசை பக்கமே வரக் கூடாது.

காற்றை வெளியேற்றி, ஹோஸ்களைக் கழற்றி, மூடியைத் திருகினால் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். வாஷரோ ஷிம்மோ எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது பிறகு நினைவிராது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அனைத்தையும் நீக்கியபின்தான் உலோகத்தைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சம அளவு. குரோம் பூசிய பித்தளையை 10 நிமிடம் ஊறவைத்து எடுத்துப் பாருங்கள். உப்பும் களிம்பும் போகாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். இரவு முழுக்க ஊறவிட்டால் பூச்சு உரியும். அலுமினிய பாகங்களை வினிகரில் போடவே கூடாது. எடுத்தபின் சமையல் சோடா கலந்த நீரில் ஒரு முறை, நல்ல நீரில் பல முறை அலசி, சிலிண்டர் காற்றால் ஊதி உலர்த்துங்கள். பட்டறைக் கம்பிரசர் காற்று வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கும்.

இப்போது லென்ஸ். சீட் அமரும் உலோக விளிம்பை விளக்கொளியில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மயிரிழைப் பிசிறு இருந்தாலும் புதிய சீட்டை ஒரே வாரத்தில் வெட்டிவிடும். பிஸ்டன் தலை உரசும் சுவரையும் பாருங்கள். குரோம் உரிந்து கீழே பச்சை தெரிந்தால், அது ஓ-ரிங் பாதையிலா அதற்கு வெளியிலா என்பதே கேள்வி. பாதையில் என்றால் அந்த உடல் கழிவுதான்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டும். ஓ-ரிங் பளபளத்தால் போதும். வழிந்தால் மணல் ஒட்டும். கிறிஸ்டோ-லூப், ட்ரைபோலூப் போன்ற ஆக்சிஜனுக்கும் ஒத்துப்போகும் கிரீஸ் விலை அதிகம், ஆனால் சின்ன டியூப் பல சர்வீஸுக்கு வரும். வாசலினும் தேங்காய் எண்ணெயும் கூடவே கூடாது: ரப்பர் உப்பும், ஆக்சிஜன் மிகுந்த காற்றில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சிலிகான் கிரீஸ் சிலிகான் ரப்பரையே ஊறவைக்கும் என்பதால் டயாஃப்ரத்தையும் வெளிமூச்சு வால்வையும் உலர்ந்தபடியே மாட்டுங்கள்.

வெளியே போகும் ஹோஸ்களின் ஓ-ரிங் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறைந்த அழுத்த ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சேரும் இடத்தில் 011, உயர் அழுத்த ஹோஸுக்கு 012, யோக் வகை (வால்வைச் சுற்றிக் கவ்வும் பிடி) சிலிண்டர் வால்வின் முகத்தில் 014. உயர் அழுத்த இடங்களில் 90 கடினத்தன்மை உள்ளதை மட்டும் போடுங்கள். மென்மையான 70 அங்கே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மாட்டி முடித்துக் காற்று திறக்குமுன் ஒரு செகண்ட் ஸ்டேஜாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அடைக்காமல் போனால் மிகையழுத்தம் அந்த வழியாகத்தான் பீறிட்டு வெளியேறும். எல்லாத் துளையையும் அடைத்துவிட்டுத் திறந்தால் கேஜோ ஹோஸோ வெடிக்கும். திறந்தபின் பர்ஜ் பட்டனை முப்பது, நாற்பது முறை தட்டுங்கள். புதிய சீட் விளிம்பில் படிந்து அமரும். அதன் பிறகு தெரியும் இடை அழுத்தமே கணக்கு. எம்.கே.2-இல் அதை வெளியிலிருந்து திருகி மாற்ற வழியில்லை. பிஸ்டனுக்குப் பதில் டயாஃப்ரம் உள்ள ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் ஸ்பிரிங்கின் மேலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பர்ஜ் செய்து பார்க்க வேண்டும்.

செகண்ட் ஸ்டேஜை இதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண். இடை அழுத்தம் மாறினால் செகண்ட் ஸ்டேஜின் இறுக்கமும் மாறிவிடும். டயாஃப்ரம் தள்ள வால்வைத் திறக்கும் நெம்புகோலில் மயிரிழை ஆட்டம் மட்டும் இருக்கும்படி வைத்து, குழலை உள்ளே திருகும்போதெல்லாம் பர்ஜ் பட்டனை அழுத்திப் பிடித்திருங்கள். இல்லையென்றால் விளிம்பு புதிய சீட்டின்மேல் சுழன்று வட்டமாக வெட்டும். காற்றுச் சீறல் நிற்கும் புள்ளிக்கு மேல் கொஞ்சம், ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு, போதும்.

அளவெடுக்க ஒரு பாத்திரம் தண்ணீரும் ஸ்கேலும் போதும். மவுத்பீஸ் மேலே, டயாஃப்ரம் கீழே இருக்கும்படி செகண்ட் ஸ்டேஜை மட்டமாக மெதுவாக அமிழ்த்துங்கள். காற்று சீறத் தொடங்கும் கணத்தில் டயாஃப்ரம் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதுவே மூச்சைத் திறக்கத் தேவையான அழுத்தம். இரண்டரை முதல் மூன்றரை செ.மீ. நல்ல அளவு. ஆக்டோபஸ் நீரோட்டத்தில் தானாகப் பீறிடாதிருக்க நான்கு செ.மீ. பக்கம் வைக்கலாம். ஒன்றரை செ.மீ.க்கு இறக்கி “வெண்ணெய்போல மூச்சு வருகிறது” என்று பெருமைப்பட வேண்டாம். தண்ணீரில் குதித்தவுடன் சிலிண்டர் காலியாக ஆரம்பிக்கும்.

சர்வீஸ் செய்து வாங்கி இரண்டே வாரம். சிலிண்டரைத் திறந்தால் முதலில் அமைதியாக இருக்கிறது, ஓரிரு நிமிடத்தில் வாய்ப்பகுதி மெல்லச் சீறுகிறது. செகண்ட் ஸ்டேஜை இறுக்கினால் போதுமா?
வாசகர், திருகோணமலை

இறுக்க வேண்டாம். “முதலில் அமைதி, பிறகு சீறல்” என்பதே விடையைச் சொல்கிறது: இடை அழுத்தம் ஊர்ந்து ஏறுகிறது, ஒரு கட்டத்தில் செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் திறக்கிறது. பழுது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருக்கிறது. செகண்ட் ஸ்டேஜை இறுக்கினால் சத்தம் நிற்கும்; பழுது ஒளிந்துகொள்ளும். கேஜைச் சொருகிப் பாருங்கள். முள் ஏறினால் சர்வீஸ் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். முள் அசையாமல் நின்றும் சீறினால் செகண்ட் ஸ்டேஜின் சீட், குழல் விளிம்பு, நெம்புகோல் உயரம் இவற்றில் ஒன்று.

மூச்சோடு தண்ணீர் வருகிறது என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். மவுத்பீஸை இறுக்கும் டைக்கு அடியில் கிழிந்திருக்கிறதா, வெளிமூச்சு வால்வின் விளிம்பில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் 1970களின் ரெகுலேட்டர்கள் மலிவாக வருகின்றன. இன்றைய ஹோஸும் சிலிண்டரும் பொருந்துமா? யோக் வாங்குவதா, வால்வுக்குள் திருகும் டின் (DIN) வாங்குவதா?
வாசகர், கோலாலம்பூர்

இன்று உயர் அழுத்தத் துளை 7/16 அங்குலம், குறைந்த அழுத்தத் துளை 3/8 அங்குலம். தவறி மாட்ட முடியாதபடி வேறு வேறு அளவு. பழைய பல மாடல்களில் இரண்டுமே 3/8. ஜாக்கெட் ஹோஸை உயர் அழுத்தத் துளையில் திருகிவிட்டால் 10 பாருக்குச் செய்த ஹோஸில் 200 பார் பாயும். அத்தகைய உடலை வாங்கினால் அந்தத் துளையில் 3/8-லிருந்து 7/16-க்கு மாற்றும் அடாப்டரை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். சில பழைய ஸ்கூபாபுரோ மாடல்களில் ஒரு குறைந்த அழுத்தத் துளை 1/2 அங்குலமாக இருக்கும். அதற்கான ஹோஸ் தேடி அலைய நேரும்.

யோக் பிடி 232 பார் வரைதான். பழைய பிடிகள் இன்னும் குறைவு, பிடியிலேயே பொறித்திருக்கும். வெப்பக் கடல் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர்கள் 207 பார் என்பதால் யோக் போதும். விலை ஒன்றாக இருந்தால் டின் எடுங்கள். திருகி உள்ளே அமர்வதால் இடிபட்டு ஓ-ரிங் பிதுங்குவது குறைவு. யோக் வால்வில் மாட்டத் தனி அடாப்டர் உண்டு. டின்னில் 300 பார் வகையை 200 பார் வால்விலும் திருகலாம். 200 பார் வகை 300 பார் வால்வில் அடைக்காது.

கடல் அட்டை எடுக்கும் தொழிலுக்குப் பழைய செகண்ட் ஸ்டேஜ் ஒன்றை மட்டும் வாங்கி, படகிலுள்ள கம்பிரசர் குழாயில் இணைக்கலாமா?
வாசகர், மன்னார்

வேண்டாம். செகண்ட் ஸ்டேஜ் 9, 10 பாரில், ஆழத்துக்கேற்ப கூடும் அழுத்தத்தில் வேலை செய்ய அமைத்தது. பட்டறைக் கம்பிரசர் அதைத் தராது. ஆழம் போகப் போக மூச்சு திணறும். குழாய் மேலே அறுந்தால் நெஞ்சுக் காற்றையே வெளியே இழுக்கும். தடுக்க வாய்ப்பகுதியின் அருகே ஒருவழி வால்வு வேண்டும், பழைய செகண்ட் ஸ்டேஜில் அது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ஜின் புகை உறிஞ்சு குழாய்க்குள் போனால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. உடன் இருப்பவருக்குத் தெரியுமுன் நீரடியில் மயக்கம் வரும். மூச்சுக்காற்றுக்கென்றே செய்த கம்பிரசரும் ஃபில்டரும் உள்ள முறைக்குப் போங்கள். அதற்கு வசதியில்லை என்றால் சிலிண்டரே பாதுகாப்பு.

எல்லாம் முடிந்தது. கேஜில் முள் அசையவில்லை. நேராக அடுத்த படகுப் பயணத்துக்கு எடுத்துப் போகலாமா?
வாசகர், தூத்துக்குடி

முதலில் நீச்சல் குளம். ஒரு சிலிண்டரை 50 பார் வரும்வரை சுவாசித்துத் தீருங்கள். தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மிதந்து தண்ணீர் கசிகிறதா பாருங்கள். ஆக்டோபஸிலும் பத்து நிமிடம் சுவாசியுங்கள். மறுநாள் மீண்டும் இடை அழுத்தம் பார்க்க வேண்டும். புதிய சீட் ஓரிரவில் இன்னும் கொஞ்சம் படிந்து முள்ளின் இடம் மாறியிருக்கலாம். பிறகு துணையோடு, 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல், கரையோரக் கடலில் ஒரு முறை. மூன்றிலும் ஒழுங்காக இருந்தால்தான் படகு.

பிரஷர் கேஜையும் மறக்காதீர்கள். சரியானது என்று தெரிந்த இன்னொரு கேஜோடு 200, 100, 50 பாரில் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். காற்றை வெளியேற்றியபின் முள் சுழியத்துக்கு வராத கேஜை அன்றே மாற்றுங்கள். ஒவ்வொரு டைவுக்குப் பின்னும் நல்ல நீரில் ஊறவைக்கும்போது மூடியை உலர்த்தி இறுக்கிப் போட்டு, தண்ணீருக்குள் இருக்கும்வரை பர்ஜ் பட்டனைத் தொடாதீர்கள். தொட்டால் வால்வு திறந்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும்.